வாழத் தகுந்த சிறு நகரம்

ஒசூரில் குடியிருக்கும் என்னிடம் பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பணி ஓய்வு பெற்ற பிறகும் ஏன் இந்த ஊரிலேயே இருக்கிறீர்கள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு இருக்கும்போது அங்கு ஒரு வீடு பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பதே அது. அவர்களில் பலர் காலையில் இங்குள்ள தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, மாலையில் எல்லை கடந்து கர்நாடகத்தில் உள்ள தங்கள் அடுக்ககங்களுக்குத் திரும்புகிறவர்கள். சம்பளம் தரும் ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறு என்று அவர்கள் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நான் நீண்ட காலம் பொருளாதாரப் பேராசிரியருக்கே உரிய விடைகளைச் சொல்லிவந்தேன். வாடகை குறைவு, காற்று குளிர்ச்சி, காய்கறி மலிவு என்பன அவை. ஆனால், இவை எவையும் ஓர் ஊரை வாழத் தகுந்ததாக ஆக்கிவிடுவதில்லை என்பதை இந்த மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி.

ஒசூருக்கு அருகே தென்பெண்ணையாற்றுப் படுகையில் இருக்கும் தொரப்பள்ளி கிராமத்தில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை வேங்கடார்யர் அந்தக் கிராமத்தின் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். பெரிய செல்வமில்லாத வைணவக் குடும்பம். அவர் பிறந்த எளிய வீடு இன்று தமிழக அரசின் நினைவில்லமாக இருக்கிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நிலம் இது. சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்பது இங்கு பிறக்கும் குழந்தைக்குப் படிக்காமலே கிடைக்கும் பாடம். பிற்காலத்தில் நாட்டின் எந்த மூலையிலும் அந்நியராக உணராமல் இயங்கிய அந்த மனிதருக்கு, இந்த எல்லை மண் முதல் பயிற்சியைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

கிராமத்தில் தொடங்கிய படிப்பு ஒசூர் அரசுப் பள்ளியில் தொடர்ந்தது. 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்றுகூட முழுமையாக நிறைந்திருக்காது. அதற்கு மேல் படிக்க ஒசூரில் வழியில்லை. கிருஷ்ணகிரியிலும் இல்லை. எனவே, அவர் பெங்களூரு சென்று சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார்.

கல்லூரி இல்லாத ஊர் தன் அறிவுள்ள பிள்ளைகளை இழந்துகொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தந்தை முன்சீப்பாக இருந்ததாலும், படிப்பை மதிக்கும் குடும்பம் என்பதாலும் அந்தச் சிறுவன் எல்லை கடந்து சென்று படிக்க முடிந்தது. அதே பள்ளியில் அவரோடு அமர்ந்திருந்த உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்கும்? கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரி வருவதற்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் இந்த வட்டாரம் இழந்த திறமைகளுக்குக் கணக்கில்லை.

சட்டம் முடித்த இளைஞர் சென்னையிலேயே தங்கியிருக்கலாம். உயர் நீதிமன்றமும் பெரிய வழக்குகளும் அங்குதான் இருந்தன. ஆனால், 1900-இல் அவர் சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் ஒசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. தன் ஊர் மக்கள் வழக்குக்காக வந்து நிற்கும் மாவட்டத் தலைநகரையே அவர் தேர்ந்தெடுத்தார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அன்றைய சேலம் எப்படிப்பட்ட ஊர்? பெருநகரம் அன்று. ஆனால், ஒரு படித்த மனிதருக்கு வேண்டியவை அங்கு இருந்தன. நீதிமன்றம் இருந்தது. நகராட்சி இருந்தது, அந்த நகராட்சியே ஒரு கல்லூரியை நடத்தியது. தெருவையும் சாக்கடையையும் கவனிக்கும் அமைப்பே உயர்கல்வியையும் தன் பொறுப்பாகக் கருதியது என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியார் அங்குதான் வாழ்ந்தார். வரதராஜுலு நாயுடு அங்கு இயங்கினார். நாடறிந்தவர்களைத் தெருவில் நடக்கும்போது சந்திக்கக்கூடிய அளவில் அமைந்த ஊர் அது.

சிறு கல்லூரி நகரத்தின் முதல் சிறப்பு இதுதான் என்று கருதுகிறேன். வழக்குரைஞரும் ஆசிரியரும் வணிகரும் மருத்துவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். பெருநகரத்தில் ஒவ்வொரு தொழிலும் தனித்தனித் தீவு. சிறு நகரத்தில் அவை ஒரே திண்ணையில் வந்து அமரும்.

அத்தகைய திண்ணையில் விளைந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1916-இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் தமிழில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்குவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தனர். வேதியியல், இயற்பியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கி, இதழாகவும் வெளியிட்டனர். பல்கலைக்கழகம் எதுவும் பணிக்காமல், அரசின் நிதி ஏதுமில்லாமல், ஒரு மாவட்டத் தலைநகரத்தின் வழக்குரைஞரும் அவர் நண்பர்களும் இதைச் செய்தனர். பின்னாளில் அவர் எழுதிய 'திண்ணை ரசாயனம்' என்ற நூலின் தலைப்பே அந்த மனநிலையை நமக்கு உணர்த்தும்.

அதே 1916 அவருக்குத் துயரத்தின் ஆண்டும் ஆகும். மனைவி அலமேலு மங்கம்மாள் மறைந்தார். பிள்ளைகளைத் தாமே வளர்க்க வேண்டிய நிலை. முப்பத்தேழு வயதில் மனைவியை இழந்த அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டே நகராட்சித் தலைவர் பொறுப்பை ஏற்றார் என்பதை, தன் துயரத்தைப் பொதுப்பணியில் கரைத்துக்கொண்ட ஒருவரின் செயலாகவே பார்க்கிறேன்.

1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சியின் தலைவர். சேலம் நகராட்சிக்கு முதல் பட்டியலின உறுப்பினர் வருவதற்கு அவர் துணை நின்றார். குடிநீர்க் குழாய்ப் பணியில் இருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் அக்ரகாரத்துக்குள் வரக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது அவர் பணியவில்லை. எதிர்த்தவர்கள் அவருடைய சொந்தச் சாதியினர். அன்றாடம் முகம் பார்க்க வேண்டியவர்கள். சிறு நகரத்தில் ஒரு கொள்கைக்காக நிற்பது பெருநகரத்தில் நிற்பதைவிடக் கடினம். பெருநகரத்தில் எதிரியை மறுநாள் காண வேண்டியதில்லை.

குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் ஒரு பணியாளரின் உரிமையிலிருந்து ஒரு நகரத்தின் தரத்தை அளக்கலாம் என்பதை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. ஆனால், வாழத் தகுந்த ஊர் எது என்ற கேள்விக்கு அதைவிட நேரான அளவுகோல் இல்லை. அந்த ஊர் யாருக்கு வாழத் தகுந்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அதே காலத்தில் அருகிலிருந்த ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. இருவரும் நண்பர்களானதும், பெரியாரைக் காங்கிரஸுக்கு அழைத்தவர்களில் ராஜாஜி முதன்மையானவர் என்பதும், பின்னர் இருவரும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்களானதும், அப்போதும் நட்பு முறியவில்லை என்பதும் தமிழகம் அறிந்தவை. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் போக்கைத் தீர்மானித்த இருவரும் சிறு நகரங்களின் தண்ணீரையும் தெருவிளக்கையும் நிர்வகித்துப் பொதுவாழ்வைக் கற்றவர்கள். வல்லபபாய் படேல் ஆமதாபாதிலும் ஜவாஹர்லால் நேரு அலாகாபாதிலும் பெற்ற பயிற்சியும் இத்தகையதே.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெளியேறுவது, மற்றொன்று உள்ளே இருந்து குரல் எழுப்புவது. வெளியேறுவது எளிதாக இருக்கும் இடத்தில், குரல் எழுப்பக்கூடிய திறமையாளர்களே முதலில் வெளியேறிவிடுகிறார்கள். அதனால் அந்த அமைப்பு மேலும் சீர்கெடுகிறது.

வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒசூர்தான் நினைவுக்கு வரும். இங்கிருந்து வெளியேறுவது மிக எளிது. ஒரு பேருந்துப் பயணம் போதும். தெருவில் கழிவுநீர் தேங்கினால், நல்ல நூலகம் இல்லையென்றால், பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி இல்லையென்றால், வசதி படைத்தவர் பெங்களூருக்கு நகர்ந்துவிடலாம். நகர முடியாதவரின் குரலுக்கோ வலிமை இருப்பதில்லை. ராஜாஜி சேலத்தில் இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்.

ஆயினும், அவரும் எப்போதும் ஒரே ஊரில் நிலைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. 1919-இல் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர் வாடகைக்கு இருந்த கதீட்ரல் சாலை வீட்டில் காந்தியடிகள் தங்கியிருந்தபோதுதான் ரௌலட் சட்டத்துக்கு எதிரான நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. வருவாய் மிக்க வழக்குரைஞர் தொழிலை ராஜாஜி துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

சிறையிலிருந்து மீண்டவர் 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சென்னையை விட்டு மீண்டும் சேலம் மாவட்டத்தின் கிராமம் ஒன்றுக்கு. மழை பொய்த்த அந்த வறண்ட நிலத்தில் நூற்பும் கதரும் ஏழைக் குடும்பங்களுக்குக் கூலியாயின. மருத்துவ உதவி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவை அங்கு நடந்தன. மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட 'விமோசனம்' இதழில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்து சென்று உப்புச் சட்டத்தை மீறினார்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றதும் அவர் மதுவிலக்கைத் தொடங்கிய இடம் தம் சொந்த சேலம் மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஒசூர், கிருஷ்ணகிரி வட்டங்கள் உள்பட மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மதுவால் வந்த வருவாயை இழந்த அரசு, 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் முதன்முதலாக வந்த பொது விற்பனை வரி அது. பின்னாளில் மாநிலங்களின் பெரும் வருவாய் ஊற்றாக ஆன ஒரு வரியின் வேர் அங்கே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பொது நிதி பற்றிப் பாடம் நடத்திய எனக்கு, அது ஒரு கொள்கையின் விலையைக் கணக்கிட்டுச் செலுத்தத் துணிந்த செயலாகவே தோன்றுகிறது. விவசாயிகளின் கடன்சுமையைக் குறைக்கும் சட்டமும், ஆலய நுழைவுக்கு வழி வகுத்த சட்டமும் அதே ஆட்சியில் வந்தவை.

ஆனால், அவருடைய வாழ்க்கையைப் புகழ்மாலையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. மும்மொழியும் இயல்பாகப் புழங்கும் மண்ணில் பிறந்தவர், ஒரு மொழியை ஆணையால் புகுத்தினால் என்ன நேரும் என்பதை உணராமற்போனது வியப்பே. எல்லைப்புற மக்கள் பிறமொழியைத் தேவையாலும் நேசத்தாலும் கற்கிறார்கள், கட்டளையால் அல்ல.

அதைவிட என்னை வருத்துவது 1953-இல் வந்த தொடக்கக் கல்வித் திட்டம். அவர் விடுதலை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். அதன் பிறகு 1952-இல் சென்னை மாநில முதலமைச்சராகி, உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கி மக்களின் பாராட்டைப் பெற்றார். அடுத்த ஆண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரண்டு சுற்றுகளாகப் பாடம் நடத்தி அதிகக் குழந்தைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அவர் கணக்கு. எண்ணிக்கையளவில் அக்கணக்கில் தருக்கம் உண்டு. ஆனால், சாதிக்கும் தொழிலுக்கும் உள்ள பிணைப்பை அது இறுக்கிவிடும் என்பதை அவர் எடைபோடவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அது, அவர் பதவி விலகக் காரணமாயிற்று. 1954-இல் காமராஜர் முதலமைச்சராகி அதைக் கைவிட்டார்.

கிராம முன்சீப்பின் மகன் ஒசூர்ப் பள்ளியின் படிக்கட்டில் ஏறி நாட்டின் உச்சப் பதவி வரை சென்றார். அந்தப் படிக்கட்டு முழுநேரப் பள்ளி என்பதை அவரே மறந்தார். வகுப்பறையில் நான் கண்ட முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் உழவர்கள், கூலித் தொழிலாளர்கள், மண்பாண்டம் வனைபவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். பிற்பகலில் அவர்கள் வகுப்பில் இருந்ததால்தான் மாலையில் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத முடிந்தது.

1959-இல் தம் எண்பதாவது வயதைக் கடந்த நிலையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தொழில் உரிமங்களும் அனுமதிகளும் நிறைந்த ஆட்சி முறையை அவர் எதிர்த்தார். 1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்து அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தக் கேட்டுக்கொண்டார். 1972 டிசம்பர் 25-ஆம் தேதி சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்த அந்தப் பத்தாண்டில்தான் ஒசூரின் தலையெழுத்து மாறத் தொடங்கியது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னர் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. அரசின் கட்டுப்பாடுகளை வாழ்நாளின் இறுதிவரை எதிர்த்தவரின் ஊர், அரசே நிலம் எடுத்து, சாலையும் மின்சாரமும் தந்து, சலுகைகள் அறிவித்ததால் வளர்ந்தது. வரலாற்றின் இந்த முரணை அவர் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால், தொழிற்பேட்டை தந்ததையும் தராததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது கூலி தந்தது. வாடகை வருவாய் தந்தது. தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்களை ஈர்த்தது. ஊரை அது தரவில்லை, தரவும் இயலாது. ஊரை ஊர்மக்கள்தான் ஆக்க வேண்டும். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஒசூர் மாநகராட்சியானது. பொறியியல் கல்லூரிகள் உள்ளன. கலைக் கல்லூரிகள் உள்ளன. கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ராஜாஜிக்கு 1891-இல் கிடைக்காதது இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

கிடைக்காமல் இருப்பது வேறொன்று. கல்லூரிகள் ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர்களுக்குள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் வேறு சுற்றுச்சுவர்களுக்குள் இருக்கின்றன. வேதியியல் ஆசிரியரும் ஆலைப் பொறியாளரும் ரோஜா பயிரிடும் உழவரும் வடமாநிலத் தொழிலாளியும் சந்தித்துப் பேச ஒரு பொது இடம் இல்லை. அன்றைய சேலத்தின் திண்ணை இங்கு இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு திறந்திருக்கும் நூலகமும், கல்லூரி அரங்கில் ஊராருக்கும் இடமளிக்கும் வாரச் சொற்பொழிவும், குழந்தையும் முதியவரும் அஞ்சாமல் நடக்கக்கூடிய நடைபாதையும் அமைய ஆயிரம் கோடி தேவையில்லை. மாநகராட்சி வார்டு கூட்டத்துக்கு நூறு படித்தவர்கள் தவறாமல் சென்றால் போதும்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் அத்தகைய கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினேன். பெரும்பாலும் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு பற்றிய பேச்சுதான். சில நாள்களில் சலிப்பாகவே இருக்கும். அப்போதெல்லாம் வழக்குரைஞர் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஒருவர், நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சேலத்தில் இதே தண்ணீருக்கும் இதே தெருவிளக்குக்கும் தம் மாலைகளைக் கொடுத்தார் என்பதை நினைத்துக்கொள்வேன்.

சென்ற மாதம் ஒரு பழைய மாணவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். வாடகையையும் குளிர்காற்றையும் பற்றி நான் பேசவில்லை. அடுத்த வார்டு கூட்டத்தின் தேதியைச் சொல்லி, அன்று மாலை எல்லை கடப்பதை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒசூர் வாழத் தகுந்த ஊரா என்பதை இனி அவரும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.